கல்யாணம் நிச்சயமானதால்

பொற்கொடி என்ன, ஆசைப்பட்டா வேலையை விட்டாள்? ஆனால் ராஜினாமாவை எழுதியது அவள் கைதான், கீழே இருந்த கையெழுத்தும் அவளுடையதுதான். அதனால் போகிற இடத்தில் எல்லாம் காரணம் சொல்ல வேண்டியதும் அவளேதான்.

தொண்ணூற்று நான்கில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம், ஊரைத் தள்ளி இருந்த ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா சுப்பையனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். பிளஸ் டூவும் டைப்பும் முடித்து, உக்கடத்தில் ஹாஸ்டலில் தங்கி, நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். வேலை போனால் ஹாஸ்டலும் போகும், திரும்பப் போய் அதே வயலில் களை பிடுங்க வேண்டியதுதான். இதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். "சொல்லுங்க, ஆருங்க பேசறது?" என்று அவள் கேட்டால், மோட்டார் புகைந்துவிட்டது என்று திட்டக் கூப்பிட்டவன்கூட, சாப்பாடு ஆச்சுங்களா என்று விசாரித்துவிட்டு வைப்பான். அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் முதலாளி தனபாலுக்கு சர்டிபிகேட்டைப் பார்த்தே தெரியும். தெரிந்தால் என்ன, கம்பெனிக்கு வெளியே போவது குரல் மட்டும்தானே.

அந்தக் குரலில் வசமாக மாட்டிக்கொண்டவர் வெள்ளகோவில் கந்தப்பன். தோட்டம், குடோன், மோட்டார் ஏஜென்சி எல்லாம் வைத்திருந்த பெரிய மனிதர். கம்பெனி சரக்கில் பாதி அவர் வழியாகத்தான் போகும். தினமும் காலையில் ஆர்டர் சொல்லக் கூப்பிடுவார். முதலில் அம்மணி என்றார், பிறகு கண்ணு என்றார், ஒரு நாள், "நீங்க என்ன கூட்டமுங்க, அம்மணி?" என்றே கேட்டுவிட்டார். கூட்டம் என்றால் குலம். பெண் எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இவளுக்குச் சொல்ல அப்படி ஒரு கூட்டமும் இல்லை. முதலாளி லைனில் வந்துவிட்டார் என்று நைசாக மாற்றிவிட்டாள். அடடா, என்ன அடக்கம் என்று மனிதர் உருகிப் போனார்.

உருகியவர் சும்மா இருந்தாரா? ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி சென்னியம்மாளையும் ஒரே மகன் திருமூர்த்தியையும் காரில் ஏற்றிக்கொண்டு, தட்டு நிறையப் பழமும் பூவுமாகக் கம்பெனிக்கே வந்து இறங்கிவிட்டார். தனபால் வெளியே போயிருந்த நேரம். பொற்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. சென்னியம்மாள் அவள் கன்னத்தை வழித்து, கேட்காமலேயே தலையில் மல்லிகைச் சரத்தைச் செருகினாள். திருமூர்த்தி மீசையைத் தடவியபடி சிரித்தான். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் அப்பா பேரையும், உங்களுக்கு எந்தத் தோட்டம் என்பதையும் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தோட்டமெல்லாம் இல்லைங்க. நாங்க காலனிங்க."

கந்தப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மனைவியைப் பார்த்து, போய்க் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கொடுத்த பூவை எடுக்க வேண்டுமானால் சென்னியம்மாள் அந்தத் தலையை மறுபடி தொட வேண்டுமே, அது எப்படி முடியும்? "பூவைக் கழட்டிக் குப்பைல போடு" என்றாள். ஒரு நிமிஷம் முன்னால் வரை வாய் நிறைய இருந்த 'ங்க' எங்கே போனதோ தெரியவில்லை. ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க பொற்கொடி கழற்றினாள். ஊசியோடு சேர்ந்து முடியும் பிய்ந்து வந்தது. திருமூர்த்தி, அந்த மகாவீரன், சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது கந்தப்பன், "எங்க பேச்சைப் பேசி ஏமாத்திப்போட்டியே" என்றார். எங்க பேச்சாம்! வாய் திறந்த நாளிலிருந்து அவள் பேசிய பேச்சு அது.

சாயங்காலம் தனபால் கூப்பிட்டார். அவருக்கு அவள்மேல் கோபமெல்லாம் இல்லை, வெள்ளகோவில்காரர் பகை வேண்டாம், அவ்வளவுதான். அவளாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருவதாகச் சொன்னார். அது இல்லாமல் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. என்ன காரணம் எழுதுவது என்று கேட்டாள். கல்யாணம் நிச்சயமானதால் என்று எழுதச் சொன்னார்.

"ஆருகூடங்க?"

"பொம்பளப் புள்ளைக வேலையை உட்டா அப்படித்தான் எழுதறது. எழுது."

எழுதினாள். சான்றிதழிலும் அதே காரணத்தைப் போட்டார்கள். அதை டைப் அடித்துக் கொண்டுவரும்படி அவளிடமே சொன்னார்கள், பாவிகள்.

பதினைந்து நாள் கழித்து சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கூப்பிட்டார்கள். மேனேஜர் நரசிம்மலு காகிதத்தைப் படித்துவிட்டு, கல்யாணம் என்னாயிற்று என்று கேட்டார். நல்ல மனிதராகத் தெரிந்ததால் நடந்ததை அப்படியே சொன்னாள். முழுக்கக் கேட்டார், காபி வரவழைத்தார், கண்கூடக் கலங்கினார். கலங்கி முடித்துவிட்டு, "எங்க சரக்கையும் அவருதானுங்க எடுக்கறாரு" என்றார். அடுத்த இடத்தில் உண்மையைச் சொல்லாதே, கல்யாணம் நின்றுபோனது என்று சொல்லிக்கொள் என்று வாசல்வரை வந்து புத்தியும் சொன்னார். நின்றுபோனது என்றால் ஏன் நின்றது என்று கேட்க மாட்டார்களா? பெண்ணிடம் என்ன குறையோ என்று பார்க்க மாட்டார்களா? அவர் புத்தி அவ்வளவு தூரம் போகவில்லை.

ஹாஸ்டலைக் காலி செய்ய இரண்டு நாள்தான் இருந்தது. கோயமுத்தூரிலேயே ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கிறார்கள் என்று போனாள். ஆபீஸைப் பார்த்துக்கொண்ட உம்மல் குல்சும் என்ற அம்மாள், கல்யாணம் ஆகிவிட்டதா, எதற்கு மறுபடி வேலைக்கு வருகிறாய் என்று கேட்டாள்.

"ஆகலைங்க. மாப்பிள்ளை செத்துப் போயிட்டாருங்க."

தானாக வந்தது. எப்படி என்று அந்த அம்மாள் பதறிக் கேட்க, காங்கயம் ரோட்டில் மோட்டார் பைக்கில் போனவரை லாரி அடித்துவிட்டது என்றாள். பேர் திருமூர்த்தி என்றாள், வீட்டுக்கு ஒரே பையன் என்றாள், முகம் அடையாளமே தெரியவில்லை என்றாள். ஒரு இடத்திலும் குரல் தடுக்கவில்லை. உம்மல் குல்சும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே வந்து சேரம்மா என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாவம் என்று பொற்கொடிக்குத் தோன்றவே இல்லை. பைக்கின் பின்னால் அவன் அப்பனையும் உட்கார வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.