ஏழு கிலோமீட்டர் வெயில்

1. துபாயில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் காரை ஓட்டிய வாப்பா, வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்தார்.
2. முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கார் வாங்கினார். பழைய மின்சாரக் கார்.
3. அதன் கூரையில் சோலார் தகடு வைத்து வெயிலிலேயே ஓட்டப்போவதாகவும், இன்ஜினியரான மகள் அதைச் செய்து தருவாள் என்றும் குற்றாலத்து டீக்கடையில் கூட்டாளிகளிடம் சொன்னார்.
4. அதற்குப் பிறகுதான் என்னிடம் கேட்டார்.

கூரையை அளந்து கணக்குப் போட்டேன். அவ்வளவு சின்ன இடத்தில், படுக்கையாகக் கிடக்கும் தகட்டில், நாள் முழுக்க நல்ல வெயில் அடித்தாலும் ஏழு கிலோமீட்டர் ஓடும் மின்சாரம்தான் சேரும். சாரல் மாதங்களில் அதுவும் இல்லை. அதற்காகக் காரை வெயிலில் போட்டால், வெந்த காரில் ஏறியதும் ஏ.சி. போட வேண்டும், சேர்ந்ததில் ஒரு பங்கை அது தின்றுவிடும். மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழுதான். ஊருக்கு வந்த பிறகு பெரும்பாலும் பேசாமலே இருந்த வாப்பா, ஆசையாகப் பேசிய ஒரே காரியம் இது. வீட்டில் உம்மா முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வராமல் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், டீக்கடையில் எல்லார் நடுவிலும் உட்காரவைத்து, "சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். ஒரு நாள் வெயிலில் தென்காசியிலிருந்து குற்றாலம் வந்து சேரலாம்; திரும்பும்போது இலஞ்சியில் வண்டி நின்றுவிடும்.

கூட்டாளிகளில் ஒருவரான பழக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "அப்ப இலஞ்சியில இருந்து நாங்க தள்ளணுமாக்கும், பாய்?"

வாப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தள்ளுங்க அண்ணாச்சி. வாரதுக்கு எம்மவ கணக்கு, போறதுக்கு உங்க தோளு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் வாப்பாதான் ஓட்டினார். துபாயில் முதலாளி வரும்வரை ஏ.சி. போடக் கூடாது என்பதால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்துக்கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், விமான நிலையம்.

"ஒரு நாள் வெயிலு ஏழு கிலோமீட்டருதானா மவளே? நான் அங்கன எம்புட்டு வெயில்ல கெடந்தேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது, பெருக்கத்தான் வரும். போனை எடுத்தேன். நாளுக்கு ஏழு, இருபத்திரண்டு வருடம்.

"கடலையும் ரோடா வச்சா, துபாய்ல இருந்து நம்ம வீட்டுக்கு ஒம்பது தடவ வந்துட்டுப் போயிருக்கலாம் வாப்பா."

ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு கை போதவில்லை. சுண்டுவிரலை மறுபடி விரித்தார்.

"நான் வந்தது ஆறு தடவ" என்றார்.

பிறகு அந்தக் கையை என் தலையில் வைத்தார். வீடு வரைக்கும் ஒற்றைக் கையால்தான் ஓட்டினார்.

கடைசியில் சோலார் தகடுகளை வீட்டு மொட்டைமாடியில் வெயில் பார்க்கச் சாய்த்து வைத்தோம், மொத்தம் எட்டு. மூன்று வருடம் அந்த மின்சாரத்தில் காரை ஓட்டிவிட்டு, போன வருடம் வாப்பா மவுத்தானார். காரின் கூரையில் எதுவும் வைக்கவில்லை. பகலில் அது வீட்டு நிழலில் நின்று சார்ஜ் ஏறுகிறது. உம்மாவை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டுகிறேன்.