நீர்ப்பாட்டுக் கேனரிகளும் இர்மாவின் காதும்

இர்மா கூஸென்ஸிடம் யாராவது மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கோபம் வரும். காதருகே வந்து கத்தினால் அதைவிடக் கோபம் வரும். முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் பேச வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள அவள் கணவன் ஓமேருக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. கேனரிக் குருவி வளர்ப்போர் சங்கத்து ஆண்கள் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

மெக்கலன் நகரத்தைத் தாண்டி, டைலே ஆற்றங்கரையில் இருக்கும் கம்பள ஆலையில் அவள் இருபத்தேழு வருஷம் தறி ஓட்டினாள். தறியின் இரைச்சல் அவள் காதிலிருந்து மெல்லிய, உயர்ந்த ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் கெட்டிலின் விசில் போயிற்று. பிறகு வாசல் மணி. ஓய்வு பெற்ற அன்று ஆலைக்காரர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மணிக்கு மணி அழகாக அடிக்குமாம், ஓமேர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் தடித்த ஒலிகள் எல்லாம் நன்றாகவே கேட்கும். லாரி, மாதாகோவில் பெரிய மணி, முதுகுக்குப் பின்னால் ஆண்கள் முணுமுணுப்பது, எதுவும் தப்பாது.

நாற்பது வயதில், ஊரில் பறவைகளே குறைந்துவிட்டன என்று அவள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். மரங்களை வெட்டிவிட்டார்கள், மருந்து அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊராட்சிக்குக் கடிதம்கூட எழுதினாள். அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போகும்போது ஒரு மஞ்சள் கேனரியைக் கூண்டோடு அவளிடம் விட்டுப்போனார்கள். எங்கள் வட்டாரத்துக் கேனரி கீச்சிடும் ஜாதி அல்ல, அது நீர்ப்பாட்டுக்காரன். குழாயில் சொட்டுவது போல ஒரு பாட்டு, பானையில் கொதிப்பது போல ஒரு பாட்டு, கல்லில் உருண்டு ஓடுவது போல ஒரு பாட்டு, எல்லாமே அடித்தொண்டையில். சமையலறையில் சிக்கரிக் கீரை நறுக்கிக்கொண்டிருந்த இர்மாவுக்கு அது முழுசாகக் கேட்டது. பறவைகள் எங்கும் போய்விடவில்லை, தன் காதுதான் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தக் கூண்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள்; கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களே வேறொன்று வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் கேனரிப் பைத்தியமானாள். மாடியறை முழுக்கக் கூண்டு. இறகு உதிர்க்கும் மாதத்தில் முட்டை பிசைந்து ஊட்டுவாள், இலையுதிர்காலத்தில் இளம் ஆண் பறவைகளைச் சிறு மரக்கூண்டுகளில் பிரித்து வைப்பாள். கேனரிச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் தேர்வு எழுதி, சங்கத்தின் முதல் பெண் நடுவராகவும் ஆனாள். பாட்டுப் போட்டிகளில் எட்டு வருஷம் மதிப்பெண் போட்டாள். பிறகு ஒரு கடிதம் வந்தது. ஐம்பது வயது தாண்டிய நடுவர்கள் எல்லோரும் செவிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் நடுவர் பட்டயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காது மருத்துவர் எடுத்த வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்தது.

"குருவி கத்தினா உங்களுக்குக் கேக்குதாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஊர்க் குருவி கேக்காது. என் குருவி கேக்கும்."

அந்த வரைபடத்தை அவள் மறைக்கவில்லை. காபியும் பீரும் விற்கும் கடை மாடியில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு நேராக எடுத்துப்போய், தலைவர் அகீலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அகீல் முன்பு கேக் கடை வைத்திருந்தவர், பேச்சிலும் எப்போதும் க்ரீம் தடவித்தான் கொடுப்பார். பக்கத்தில் மூத்த நடுவர் மெடார்ட். போட்டியில் நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, திருப்பலியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கேட்பார். மற்ற நடுவர்களும் அவரைப் பார்த்துக் கண்ணை மூடக் கற்றுக்கொண்டவர்கள்தான்.

"இர்மா, மனசு கஷ்டமா இருக்கு," என்றார் அகீல். "ஆனா பாட்டுல கீச்சு விழுந்தா மார்க் குறைக்கணும். கீச்சு உனக்குக் கேக்காதே. எப்படி மார்க் போடுவ?"

"பார்த்துப் போடுவேன்."

"என்னது?"

"அலகைப் பார்ப்பேன். நம்ம குருவி தண்ணி மாதிரி பாடும்போது அலகு மூடியே இருக்கும், தொண்டை மட்டும்தான் உப்பும். கீச்சணும்னா வாயைத் திறந்தாகணும். திறந்தா நான் குறைச்சுடுவேன்."

மெடார்ட் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எட்டு வருஷமா எங்க பக்கத்துல உக்காந்து, கண்ணாலயா மார்க் போட்ட?"

"எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது என் மார்க் தப்புன்னு சொல்லியிருக்கீங்களா?"

"அது பேச்சில்ல. இது பாட்டுப் போட்டி. அழகிப் போட்டி இல்ல."

மேஜை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு தடித்த சிரிப்பு, இர்மாவுக்கு ஒரு துளி விடாமல் கேட்டது. முகம் சிவந்தது.

"பல்கலைக்கழகத்துக்காரங்க என்கிட்ட ரெண்டு குருவி வாங்கிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். "என்ன கண்டுபிடிச்சாங்கன்னு நான்தான் இங்க வந்து படிச்சுக் காட்டினேன், நீங்க எல்லாரும் பீர் குடிச்சிட்டிருந்தீங்க. நம்ம ஜாதிக் குருவிக்குப் பிறவியிலயே காது மந்தம். மேல் சத்தம் கேக்காது. கீழ்ப்பாட்டு பாடுறதையா பார்த்துப் பார்த்து நம்ம தாத்தனுங்க வளர்த்ததுல, செவிட்டுக் குருவியா சேர்த்துட்டாங்க. செவிட்டுக் குருவி மேடையேறிப் பாடலாம், செவிட்டு இர்மா கீழ உக்காந்து கேக்கக் கூடாதா?"

பிறகு அகீல் ஒரு வழி சொன்னார். அடுத்த ஞாயிறு காலை நான்கு பறவைகளை வைத்து மெடார்டும் இர்மாவும் தனித்தனித் தாளில் மதிப்பெண் போடட்டும். ஒத்துப்போனால் பார்க்கலாம், போகாவிட்டால் பட்டயம் மேஜைக்கு வர வேண்டும். "நியாயம்தானே?" என்று எல்லோரையும் பார்த்தார்.

நியாயமாம்! பறவை தர ஒருவரும் முன்வரவில்லை. கண்ணால் மதிப்பெண் போடுகிறவளிடம் தன் பறவையை யார் கொடுப்பார்? இர்மா தன்னுடைய நான்கையே கொண்டுபோனாள். மூன்றாவது கூண்டில் போன வருஷம் பரிசு வாங்கியவன். அவனுக்கு முதல் இடம் போட்டதே மெடார்ட்தான்.

முறைப்படி கூண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கம்பிக்கு முன்னால் இருந்த சிறு மறைப்புக் கதவுகளைத் திறந்தார்கள். வெளிச்சம் பட்டதும் நான்கும் சிலிர்த்து, தண்ணீர் குடித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. மெடார்ட் கண்ணை மூடினார். இர்மா நாற்காலியின் நுனிக்கு வந்து நான்கு அலகுகளையும் பார்த்தாள். சொட்டு வந்தது, கொதிப்பு வந்தது. பாட்டு நன்றாகச் சூடேறியிருந்த நேரத்தில் மூன்றாவது கூண்டில் அலகு திறந்தது. ஒரு முறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, இன்னும் அகலமாக.

அவளுடைய பென்சில் நின்றது. அவள் கையால் ஊட்டி வளர்த்த பறவை அது. இது வேறு எவனுடைய கண்ணிலும் படப்போவதில்லை, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். மெடார்ட் தான் முதலிடம் கொடுத்த பறவையைக் குறைக்கவும் மாட்டார். எழுதாமல் விட்டால் இரண்டு தாளும் ஒத்துப்போகும், பட்டயம் அவளிடமே இருக்கும். எழுதினால் பட்டயமும் போகலாம், வீட்டின் ஒரே பரிசுக்காரனின் பெயரும் போகும். ஆனாலும் எழுதினாள். பென்சிலை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

அகீல் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொட்டு, கொதிப்பு, உருட்டு எல்லாம் அரை மதிப்பெண் வித்தியாசத்துக்குள். கீச்சுக்கு மட்டும் மெடார்ட் இரண்டாவது கூண்டைக் குறைத்திருந்தார், இர்மா மூன்றாவதை.

"பார்த்தியாம்மா," என்றார் அகீல், மிக மென்மையாக. "கீச்சு இருக்கு, ஆனா எதுன்னு உனக்குத் தெரியல."

"உங்களுக்குத் தெரியலன்னும் சொல்லலாமே. ரெண்டையும் பிரிங்க. தனித்தனியா பாடட்டும்."

"மூணாவது போன வருஷத்துச் சாம்பியன்," என்றார் மெடார்ட் எரிச்சலாக. "அதோட தொண்டை எனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். அதனாலதான் பழிய பக்கத்துக் கூண்டு மேல போட்டீங்க. பிரிங்கன்னு சொன்னேன்."

பிரித்தார்கள். இரண்டாவது கால் மணி நேரம் பாடியது, ஒரு பிசிறு இல்லை. பிறகு மூன்றாவதை வைத்தார்கள். சொட்டி, கொதித்து, அலகைத் திறந்தது. இர்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அறையிலிருந்த எல்லோருடைய முகமும் எலுமிச்சையைக் கடித்த மாதிரி சுருங்கியதைப் பார்த்தாள். வாசலருகே நின்ற ஓமேர் காதைப் பொத்திக்கொண்டான்.

"அடேயப்பா," என்றான், "கண்ணாடிய அறுக்குற மாதிரி இருக்கு."

அகீல்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். நாற்காலியை இழுத்து இர்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கூட்டமைப்பின் செவிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"சரி இர்மா, நீ கெட்டிக்காரி. ஆனா அந்த வரைபடத்தைக் கூட்டமைப்புக்கு அனுப்பினா ஒத்துக்க மாட்டாங்க. எங்க சொந்தத்துல ஒரு டாக்டர் இருக்கான், காது நல்லாருக்குன்னு எழுதிக் கொடுப்பான். நீ வழக்கம்போல வந்து உக்காரு. கண்ணு விஷயத்தை மட்டும் வெளிய சொல்லாத. யாருக்கும் அசிங்கமில்ல."

"எனக்கு அசிங்கம்."

"பிடிவாதம் பிடிக்காத."

"பிடிப்பேன். என் காது நல்லாருக்குன்னு பொய் எழுதி என்னை உக்கார வைப்பீங்க, நான் வாயைப் பொத்திக்கிட்டு நன்றி சொல்லணுமா? என் காது ஆலையில போச்சு, திருடப் போன இடத்துல போகல."

சான்றிதழ்ப் படிவத்தை அவரிடமிருந்து பிடுங்கி, செவித்திறன் என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதினாள்: 'பாதி. கண் முழுசு.' கையெழுத்துப் போட்டு, படிவத்தையும் பேனாவையும் அகீல் பக்கம் தள்ளினாள்.

"தலைவர் குறிப்புன்னு கீழ இடம் இருக்கு பாருங்க. இவளுக்குத் தகுதி இல்லன்னு உங்க கையால எழுதுங்க. எழுதிட்டீங்கன்னா பட்டயத்தை மேஜையில வச்சிட்டு இப்பவே போயிடறேன்."

அகீல் பேனாவை எடுத்தார். அதன் மூடியைத் திருகினார், மறுபடி மூடினார். ஓமேரைப் பார்த்தார். ஓமேர் ஜன்னலைப் பார்த்தான். பேனா மேஜைக்கே திரும்பி வந்தது.

அதை மெடார்ட் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, தலைவருக்கு உரிய இடத்தில் நிதானமாக எழுதினார். இர்மா அதைத் தலைகீழாகவே படித்தாள்: 'இரண்டாவது கூண்டில் தவறியவன் நான். இவள் அல்ல.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடுங்க மெடார்ட்," என்றாள் இர்மா.