தகரக் கொட்டகையும் என் கூப்பாடும்

இன்று காலை கரமனை ஆற்றுப் பக்கமிருந்து ஒரு நாற்றம் வந்தது. யாரோ பழைய ஆட்டோ சீட்டைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். ரெக்சினும் உள்ளிருக்கும் பஞ்சும் சேர்ந்து எரிகிற நாற்றம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் வாளியை அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் போய்க் கொண்டையை முடிந்துகொண்டிருந்தன.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வலியசாலையில் நாங்கள் குடியிருந்த தெருவில் எல்லாருக்கும் தெரியும். குக்கர் விசில் அடித்தாலே குதிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள்: தீயணைப்பு அதிகாரிகளைப் பழக்கும் பயிற்சி மையம், அதன் அலுவலகத்தில் தட்டச்சு. நெருப்புக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சேர்ந்தேன்.

அந்தச் சுவரை இடித்தது ஒரு பல்லி. ஒரு நாள் தட்டச்சு எந்திரத்தின் மேல் பொத்தென்று விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் தலைமைப் பயிற்சியாளர் மைதானத்திலிருந்து ஓடிவந்தார். பெரிய சார் என்போம் அவரை. மலையாளி, தமிழும் பேசுவார். பல்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"குட்டி, அந்த நிலவிளி எனக்கு வேணும் கேட்டோ!"

நிலவிளி என்றால் மலையாளத்தில் அலறல். விஷயம் இதுதான். மைதானத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. உள்ளே ஈர வைக்கோலை மூட்டிப் புகை கிளப்புவார்கள். வெளியே சுற்றிக் கயிறு கட்டி, சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, புதிதாகப் பதவிக்கு வரும் அதிகாரியை அதில் நிறுத்துவார்கள். அவர் அங்கேயே நின்று ஆட்களை ஏவ வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், உள்ளே போனவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். வட்டத்தை விட்டு இறங்கினால் தோல்வி. இவர்களில் பெரும்பாலானவர்கள் வீரர்களாக இருந்து உயர்ந்து வந்தவர்கள். புகையைக் கண்டால் கையும் காலும் நிற்காது, தாங்களே குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிடுவார்கள். "ஆபீசர் ஓடினா பின்னே அத்தனை பேரும் ஓடும். யார் பாக்கறது?" என்று பெரிய சார் தலையில் அடித்துக்கொள்வார்.

என் வேலை அவர்களை அந்த வட்டத்திலிருந்து வெளியே இழுப்பது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "ஐயோ, என் தம்பி உள்ளே இருக்கான்!" என்று ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் என்னோடு சேர்ந்து அழுதேவிட்டார். பயிற்சி முடிந்ததும் நான் கொண்டையை முடிவேன். முடிந்தது என்று ஊதும் ஊதலுக்கு முன்பே அதைப் பார்த்து எல்லாரும் தளர்ந்து நிற்பார்கள்.

உள்ளே கிடக்கும் 'தம்பி' செல்வராஜ். மார்த்தாண்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன், வேலையில்லாத நாட்களில் எங்களிடம் புகையில் கிடக்க வருவான். முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருப்பான். அவ்வப்போது உள்ளிருந்து தகரத்தைத் தட்டுவான். தகரத்தில் சாய்ந்து அழும் எனக்கு மட்டும்தான் கேட்கும். நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். அந்தத் தட்டல் கேட்டால்தான் எனக்குத் தைரியமாக அழ வரும்.

ஒரு நாள் வைக்கோல் சரியாகப் புகையவில்லை. யாரோ ஒரு புத்திசாலி, கழித்துப்போட்ட வண்டி சீட்டு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டான். நான் தலைவிரித்து ஓடிவரும்போதே அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. புகை கறுப்பாக வந்தது. தகரத்தில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. "செல்வராஜ்!" என்று ஓங்கித் தட்டினேன். ஒன்றும் இல்லை.

அப்போது கத்தினேன் பாருங்கள், பல்லிக்குக் கத்தியதெல்லாம் கத்தலே இல்லை. வட்டத்தில் நின்றவர் நெடுமங்காட்டுக்காரர், இளைஞர். நான் அழுவதெல்லாம் நடிப்பு என்று முந்தைய அணியினர் அவரிடம் நன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சார், நிஜமாவே தட்ட மாட்டேங்கறான்! நடிக்கலை சார்!"

"சேச்சி, கயிற்றுக்கு அப்பறம் மாறி நில்லுங்க. எங்க ஆளு பார்த்துக்கும்" என்றார், பாடம் படித்தபடியே, பொறுமையாக.

தூரத்தில் மரத்தடியில் நின்ற பெரிய சாரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதமாம். என் உயிரே போய்விட்டது. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவுக்கு யாரும் நம்பப் போவதில்லை. உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான்.

அதற்கு மேல் யோசித்ததாக நினைவில்லை. கத்துவதை நிறுத்தினேன். அவர் கண் முன்னால் நின்று கொண்டையை முடிந்தேன். முடி வழுக்கி வழுக்கி விழுந்தது. பிறகு, கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னேன்: "செல்வராஜ் பின்சுவர் மூலையில இருக்கான். தட்டல் நின்னுடுத்து."

அவர் என் தலையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஊதலை ஊதினார். மூச்சுக் கருவி மாட்டிய இருவரை உள்ளே அனுப்பினார், மற்றவர்களைப் பின்பக்கத் தகரத்தைப் பெயர்க்கச் சொன்னார். அவருடைய ஒரு கால் சுண்ணாம்புக் கோடு வரை போனது. ஆனாலும் அவர் வட்டத்தை விட்டு இறங்கவில்லை. அதற்காக இன்றும் அவரைக் கும்பிடுகிறேன்.

இழுத்துப்போட்ட புல்தரையில் செல்வராஜ் கறுப்பாக வாந்தி எடுத்தான். மூச்சு வந்ததும் என்னைத் தேடினான்.

"கையத் தூக்க முடியல்லக்கா. நீங்க கெடந்து கூப்பாடு போட்டிய, கேட்டுச்சு. வழக்கம்போலத்தான்னு கெடந்தேன். பொறவு சத்தம் நின்னுது பாருங்க, அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு."

அதோடு அந்த வேஷத்தை விட்டேன். செல்வராஜும் கொஞ்ச நாளில் வளைகுடாவுக்குப் போய்விட்டான். இப்போது கொட்டகையும் இல்லை, வட்டமும் இல்லை. எதிர்வீட்டு மீனாவின் கணவர் நிலைய அதிகாரியாகப் பயிற்சி முடித்து வந்தார். பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைக்கிறார்களாம், நெருப்பெல்லாம் அதில் எரியுமாம். ஒரு பெண் கத்துவது ஒலிபெருக்கியில் வருமாம். "சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கலாம் மாமி" என்றார்.

என் கத்தல் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. பயம் குறையவில்லை, அது ஒரு இம்மிகூடக் குறையவில்லை. போன வருஷம் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது எனக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வழி சொல்லி, கதவைத் திறந்து வைத்தேன். பிழைத்து வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டார்:

"நான் கீழே கெடக்கேன், நீ கொண்டையை முடிஞ்சிண்டு நிக்கறே. ஒரு சத்தம் போடப்படாதோடீ? எனக்கு ரொம்ப பயமாப் போயிடுத்து."