அண்ணை நிற்கிற இடத்துச் சொற்கள்

அண்ணை எந்த நாட்டில் நிற்கிறார் என்பதை எனக்கு ஒரு கோப்பிதான் சொன்னது.

ஒரு பின்னேரம். நானும் அம்மாவும் விறாந்தையில் இருந்து காய்ந்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணையின் குரல்பதிவு வந்தது. அம்மாவின் கையெல்லாம் மண், அதனால் நான்தான் போனை அமத்தினேன். மழை பெய்ததோ என்று கேட்டார். நாய் இன்னும் தபால்காரனைத் துரத்துகிறதோ என்று கேட்டார். பிறகு, "விடிய வேலைக்குப் போக முதல் ரோட்டுக்கரையிலை ஒரு தின்தோ வாங்கிக் குடிச்சன். குளிருக்கு அந்தமாதிரி நல்லா இருந்தது" என்றார்.

நான் போனில் ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கி அப்போது சில மாதங்கள்தான். பாடங்களைச் செய்தவர்கள் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். அவர்களுடைய பாடத்தில் தின்தோ என்றால் சிவப்பு வைன். விடியற்காலையில் தெருவோரம் நின்று வைன் குடிக்கிற அண்ணை ஒரு கணம் என் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்.

"என்ன குடிச்சவனாம்?" என்று அம்மா கேட்டார்.

"ஏதோ சூடா" என்றேன். சூடு என்பது நான் சேர்த்துக்கொண்டது.

அன்றைக்கே என் கொலம்பியத் தோழியிடம் கேட்டேன். அவளை நேரில் கண்டதில்லை. தாதியர் படிப்புப் படிக்கிறவள். தன் ஆங்கிலத்தை என்னோடு பழகுவாள், என் ஸ்பானியத்தை நான் அவளோடு பழகுவேன். இணையத்தில் இப்படிப் பண்டமாற்றுச் செய்கிறவர்கள் நிறையப் பேர். நான் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அவர்கள் நாட்டில் தின்தோ என்றால் பால் விடாத கோப்பியாம். சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்து தெருவில் விற்பார்களாம், வேலைக்கு ஓடுகிறவர்கள் நின்ற நிலையிலேயே குடிப்பார்களாம். அக்கம்பக்கத்து நாடுகளில் போய்த் தின்தோ என்று கேட்டால் கோப்பி கிடைக்காது என்றும் சொன்னாள்.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குப் பொறி தட்டியது. மற்ற இடங்களில் கிடைக்காது என்றால் அண்ணை கொலம்பியாவில் நிற்கிறார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் சொல் காட்டிக்கொடுத்துவிட்டது.

நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பார்த்து 'எங்கை போறாய்' என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. 'தூரமோ?' என்றுதான் கேட்பார்கள். போகிறவரும் 'போறன்' என்று சொல்லமாட்டார், 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்பார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி அண்ணை கனடாவுக்கு என்று வெளிக்கிட்டார். வாசல் படலையடியில் பக்கத்து வீட்டு மாமி, "தம்பி, தூரமோ?" என்று கேட்டார். "கொஞ்சம் தூரம், மாமி" என்று அண்ணை சிரித்தார். குனிந்து சப்பாத்து நாடாவை இன்னொருதரம் இறுக்கினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே "போட்டு வாறன்" என்றார்.

போய்ச் சேரும்வரை போனில் இடத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. அம்மாவுக்கு அந்தக் கட்டளை தேவையே இல்லை. பயணம் முடியவில்லை, ஆகவே எங்கை என்று கேட்கக்கூடாது. நானும் கேட்கக்கூடாது. நெல்லியடிச் சந்தைக்குப் போய் வருகிற நேரத்துக்கென்று இருந்த வழக்கத்தை அம்மா வருடக்கணக்கில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீடு. மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அண்ணைக்குத் தான் ஸ்பானியச் சொற்களைக் கலந்து கதைக்கிறார் என்பதே தெரியாது. பிரான்சிலிருந்து வருகிற எங்கடை சொந்தக்காரர் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுவிட்டு நாங்கள் முழிப்பதைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். அண்ணையால் எங்களைப் பார்க்க முடியாதே. அவர் வாயிலிருந்து விழுகிற அந்தச் சொற்களை இணையத்தில் தேடி, ஸ்பானியம் என்று கண்டபிறகு, அவற்றுக்காகத்தான் நான் படிக்கத் தொடங்கினேன். அவர் கேட்கிற சத்தத்தை நானும் கேட்க வேண்டும் போல இருந்தது. வேறு எதாலும் அவருக்குக் கிட்டப் போகமுடியவில்லை. நான் படிக்கிறேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கவனமாகிவிடுவார்.

தொடக்கத்தில் எனக்கு மண்டைக்கனம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் எங்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன, ஸ்பானியம் அந்த மொழிக்குத் தங்கச்சி மாதிரி. சப்பாத்து அங்கே சப்பாத்தோ. அலுமாரி அர்மாரியோ. சமைக்கிற குசினி கொசினா. பாதி மொழி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்று நினைத்து, தோழிக்கு எங்கள் விறாந்தையை வர்ணித்தேன்: இங்கே நாலு கதேரா இருக்கின்றன, ஒன்று உடைந்துவிட்டது, அண்ணையுடையதில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை. நாற்காலியை, எங்கள் கதிரையை, நினைத்துத்தான் சொன்னேன். ஸ்பானியத்தில் கதேரா என்றால் இடுப்பாம். அந்த உடைந்த இடுப்புக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அவள் இன்றைக்கும் சுகம் விசாரிப்பாள்.

தின்தோ சில மாதங்களில் நின்றுபோனது. பிறகு கொஞ்சக் காலம் பதிவே வரவில்லை. அம்மா விரதம் பிடித்தார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு நாள் வந்தது. குரல் அடைத்திருந்தது. "இரவு முழுக்கக் கமியோனிலை நிண்டுகொண்டே வந்தன். கால் வீங்கிப்போச்சு, வேறை ஒண்டுமில்லை."

கமியோன் என்றால் லொறி. பாடத்தில் அப்படி. தோழியின் நாட்டிலும் அப்படித்தான். மூடிய லொறிக்குள் ஆட்களை அடைத்துக் கொண்டுபோகிற செய்திகளை நான் வாசித்திருக்கிறேன். தோழியிடம் கேட்டேன்; அவளும் வாசித்திருக்கிறாள், பொறு என்று மட்டும் எழுதினாள். அம்மாவிடம் கால் வீக்கத்தை மட்டும் சொன்னேன். அடுத்த நாள் தோழி யார் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள். மெக்சிகோவில் சாதாரண பஸ்ஸைத்தான் கமியோன் என்பார்களாம். சீற் இல்லாமல் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். சாவகச்சேரி பஸ்ஸில் நாங்கள் நிற்காததா? சந்தோசத்தில் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவளே ஒரு நாடு தாண்டினதும் என்னைப் போலப் பயந்துபோனாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆறுதல். இந்தச் சொல்லும் அப்படித்தான். எங்களுக்கு 'ஆறுதலா வா' என்றால் அவசரமில்லாமல் வா. தமிழ்நாட்டுக்காரி ஒருத்திக்கு நான் அப்படி எழுதியபோது, தனக்கு என்ன துக்கம் என்று நினைத்தேன் என்று கேட்டாள். 'அண்ணை மெக்சிகோவில் நிற்கிறார்' என்று சொன்னதற்கு, ஏன், உட்கார இடமில்லையா என்றாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்களுக்குக் கொஞ்ச நாளைக்கு ஓரிடத்தில் தங்கினால் நிற்பது. வீடு வாசலோடு குடியிருந்தால்தான் இருப்பது. அண்ணை நிற்கிறார் என்று நாங்கள் சொல்லும்போது, திரும்பி வருவார் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பிறகு தோர்த்தா வந்தது. தோர்த்தாக் கடையில் வேலை என்றார். தோழியின் நாட்டில் தோர்த்தா என்றால் கேக். நானும் யோசிக்காமல் கேக் கடை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் கோயிலடி வரை கொண்டுபோய், அவன் ஐசிங்கெல்லாம் போடுவானாம் என்று தன் பங்கையும் சேர்த்துவிட்டார். அடுத்த பதிவில் அண்ணை இறைச்சி வெட்டிக் கை வலிக்கிறது என்கிறார். கேக்குக்குள் இறைச்சியா? அங்கே பணிஸ் ரொட்டியைப் பிளந்து இறைச்சியும் மிளகாயும் வைத்துக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். அம்மா செவ்வாய், வெள்ளி மீன், இறைச்சி என்று மச்சம் தொடாத ஆள். கோயிலடியில் அது இன்னும் கேக் கடையாகவே இருக்கிறது.

இப்படியே அண்ணையின் சொற்கள் மாறும், நான் பின்னால் போவேன் என்று நினைத்திருந்தேன். மெக்சிகோவுக்கு வடக்கே என்ன சொல்வார்கள் என்றுகூட ஆசையோடு படித்துவைத்தேன். ஆனால் சொற்கள் மாறவில்லை. ஒரு வருடம் போய்விட்டது. கமியோன், தோர்த்தா, பிறகும் கமியோன். அதோடு அஓரித்தா என்று ஒன்று ஒட்டிக்கொண்டது. என் தோழிக்கு அஓரித்தா என்றால் இந்த நிமிடம். மெக்சிகோக்காரர் அஓரித்தா என்றால் ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளைக்காகவும் இருக்கலாம், வராமலே போகலாம் என்று அவள் சொன்னாள். இப்போது அவர் ஞாயிறு காலைகளில் நேரே போன் எடுத்துக் கதைப்பார். அடுத்த முறை எப்போது எடுப்பீர்கள் என்று நான் கேட்டால் அண்ணை, "அஓரித்தா எடுக்கிறன்" என்கிறார். பிறகு ஒரு ஞாயிறு தவறும்.

போன மாதம் இரண்டு ஞாயிறு சேர்ந்தாற்போல் தவறின. மூன்றாவதில் வந்து, "உங்களோடை கதைக்கப் பெனாவா இருக்கு" என்றார். பாடத்தில் பெனா என்றால் கவலை. அம்மாவுக்கு அதைத்தான் சொன்னேன், அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தோழி அதைக் கேட்டுவிட்டு மெதுவாக எழுதினாள்: தன்னுடைய நாட்டிலும் மெக்சிகோவிலும் பெனா என்றால் பெரும்பாலும் வெட்கம்.

கவலையென்றால் ஆள் எங்களிடம் வரும். வெட்கமென்றால் விலகிப் போகும். அண்ணை இடத்தை மறைப்பது ஏஜென்சிக்காரனுக்காக இல்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. கனடாவுக்கென்று வெளிக்கிட்டு நடுவழியில் நின்றுபோனதைச் சொல்ல அவருக்கு வெட்கம். நாங்கள் கேட்கமாட்டோம் என்பது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் அவர் கதைப்பதையே விட்டுவிடுவார். நாங்களும் பயணத்தில் நிற்கிறவனைக் குழப்பக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிடுவோம்.

நேற்றுப் பின்னேரம், மறுபடியும் வெங்காயம் கட்டும்போது, அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அண்ணை இப்ப போய்க்கொண்டில்லை. ஒரு வருசமா ஒரே இடத்துச் சொல்லுத்தான் கதைக்கிறார்."

அம்மா கையை நிறுத்தவில்லை. "வந்திட்டன் எண்டு அவன் சொல்லேல்லை. போட்டு வாறன் எண்டு சொன்னவன், வந்திட்டன் எண்டு சொல்லுமட்டும் பயணம்தான்."

"கேக்காமல் விட்டால் சொல்லவே மாட்டார்."

அம்மா ஒரு பிடியைக் கட்டி வைத்தார். இன்னொன்றைக் கட்டினார். நான் வேறு கதைக்குப் போய்விட்டேன், பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இடையில் வெட்டிக் கேட்டார்.

"பிள்ளை, உந்த மெக்சிகோச் சனம் போற ஆளை எங்கை எண்டு கேக்குங்களோ?"

நான் நாட்டின் பெயரை அம்மாவுக்குச் சொன்னதே இல்லை. எந்தப் பதிவிலிருந்து, யாரிடம் கேட்டு, எப்போது கண்டுபிடித்தாரோ தெரியாது. கையிலிருந்த பிடியைக் கீழே வைத்தேன்.

"கேக்குங்கள் அம்மா. அங்கை அது குற்றமில்லை."

"அப்ப நீ அந்தப் பாஷையிலை கேள்" என்றார் அம்மா. "எனக்கு விளங்காது. நான் கேட்டதாகாது."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். கேள்வி சின்னதுதான். சிக்கல் வேறு இடத்தில். அண்ணையை நான் 'நீங்கள்' என்று சொல்லி வளர்ந்தவள். தோழியும் தன் அண்ணனை ஸ்பானியத்தில் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவாளாம், அவளுடைய ஊரில் அது பாசம். அதே சொல்லை மெக்சிகோவில் கூடப்பிறந்தவனிடம் சொன்னால் யாரோ அலுவலகத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார் என்று அவள் எச்சரித்திருக்கிறாள். ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணையை 'நீ' என்று கேட்கப்போகிறேன். சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வாய் கூசுகிறது.

எந்த 'எங்கே' என்பதையும் முடிவுசெய்துவிட்டேன். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்க அவர்களிடம் ஒரு சொல் உண்டு. அதைக் கேட்கமாட்டேன். இப்போதைக்கு எங்கே நிற்கிறாய் என்று கேட்க வேறொரு சொல் இருக்கிறது. தோன்தே எஸ்தாஸ். அதைத்தான் கேட்பேன்.

நாளைக்குக் காலை அண்ணை எடுத்தால், அம்மா குசினியில் ஏதோ வேலை இருப்பதுபோல் நிற்பார். நான் கேட்பேன். தங்கச்சி இந்தப் பாஷை கதைப்பதைக் கேட்டு அவர் திகைப்பார், சிரிக்கவும் கூடும். அஓரித்தா சொல்கிறேன் என்று தப்பப் பார்த்தாலும் பார்ப்பார். பேசாமலே இருந்தால், நான் தமிழுக்குத் திரும்பி, படலையடியில் மாமி கேட்டதையே கேட்டுப் பார்ப்பேன்.

அண்ணை, தூரமோ?