காலால் பிறந்தவள்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த குழந்தை. எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறப்பவர்களுக்குத் தொழில் பிறக்கும்போதே வந்துவிடும். இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களைக் குப்புறப் படுக்கவைத்து இடது காலால் முதுகில் மிதித்துவிட வேண்டும், பிடிப்பு விட்டுவிடும். என் அப்பா செஞ்சியில் நெல் ஏலம் போகும் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். நாங்கள் அவரை நைனா என்போம். அவரோடு மூட்டை தூக்கியவர்களில் யாராவது ஒருவருக்கு எப்போதும் இடுப்புப் பிடித்திருக்கும். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே எனக்கு நல்ல பிராக்டிஸ்.

பிறகு படித்து, முதுகுத்தண்டையும் கைகால் நரம்புகளையும் பார்க்கும் அறுவை மருத்துவரானேன். எங்கள் தெருவில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் பட்டம் வாங்கி வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். "கத்தி எல்லாம் எதுக்கும்மா, அந்தக் கால் இருக்குது இல்ல?" என்று இப்போதும் ஒருவர் விடாமல் கேட்பார்கள்.

புதுச்சேரியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக்கு வந்து, கூடப் படித்த ஒருவர் நடத்தும் சின்ன நர்சிங் ஹோமில் உட்காருவேன். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள், காலையில் கை மரத்துப்போகிறது, டம்ளர் பிடித்தால் நழுவுகிறது என்பார்கள். நாள் முழுக்கப் பூக் கட்டும் கை, தையல் மிஷினில் துணி தள்ளும் கை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டிருக்கும். பைக்கிலிருந்து விழுந்து தோளில் நரம்பு அறுந்து, ஒரு கை தொங்கிப்போன பையன்களும் வருவார்கள். எப்போது கை தூக்க வரும் என்று அவர்களுடைய அம்மாக்கள் கேட்கும்போது என்னால் ஒரு தேதி சொல்ல முடியாது. எலும்பு நல்ல பிள்ளை, சொன்ன நேரத்தில் சேர்ந்துகொள்ளும். நரம்பு கோபித்துக்கொண்டால் சமாதானமாக மாதக்கணக்காகும், ஆகாமலும் போகும்.

இந்த வேலையில் எனக்குப் பயம் விட்டதே இல்லை. முதுகில் ஆபரேஷன் முடிந்து நோயாளி மயக்கம் தெளிகிற நேரத்தில் கட்டிலின் கால்மாட்டில் நான்தான் நிற்பேன். வேறு யாரையும் நிற்க விடமாட்டேன். கால் பெருவிரலைத் தூக்குங்கள் என்று சொல்வேன். சொன்னதற்கும் விரல் அசைவதற்கும் நடுவில் இருக்கிறதே, அந்தக் கொஞ்ச நேரம், அதில் முழு ஆபரேஷனையும் மனதுக்குள் ஒருமுறை திரும்பச் செய்து பார்த்துவிடுவேன். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தாலும் பார்ப்பேன். சிரித்தபடி நிற்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். என் ஜூனியர்கள் என்னைத் தைரியசாலி என்று நினைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவேன். அம்மா இறந்த பிறகு நைனா என் தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் அவர் பாயை விரிப்பார், எங்கள் சண்டை ஆரம்பிக்கும். இடுப்பு வலிக்கிறது, ஒரு மிதி மிதித்துவிட்டுப் போ என்பார். நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். கத்துவேன். முதுகெலும்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார். வேறு வழியில்லாமல், பாரம் கொடுக்காமல், இடது காலை அவர் இடுப்பில் லேசாக வைத்து எடுப்பேன். அப்பாவைக் காலால் தொட்டுவிட்ட பாவத்துக்கு உடனே குனிந்து அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "இப்பதான் விட்டுச்சு" என்று எழுந்து உட்காருவார். மருத்துவமனையில் என் நேரம் வாங்கக் காத்திருக்கிறார்கள், இவருக்கு என் கால் போதும்.

போன கோடையில் ஒரு ஞாயிறு, அவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. வெயிலில் ஊரே மோர், இளநீர் என்று அலைகிற நாள் அது. கேட்டதற்கு வேண்டாம் என்றார். அந்த வாரம் இடுப்பு வலி ரொம்ப அதிகமாக இருந்தது, நேற்றிலிருந்து குறைந்துவிட்டது, கால்தான் கொஞ்சம் மதமதவென்று இருக்கிறது என்றான் தம்பி. வலி குறைந்து மரமரப்பு வருகிறது என்று யார் சொன்னாலும் என் காது நீளும். ஆனால் அதற்குள் நைனா பாயில் படுத்துவிட்டார்.

வழக்கம்போல் திட்டிக்கொண்டே காலை வைத்தேன். அன்றைக்கு அவர் வேட்டியை மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். என் கால் இடுப்பைவிட்டுக் கொஞ்சம் கீழே பட்டது. வைத்தபடி தம்பியிடம், எந்தக் காலில் மதமதப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா யோசன, வையி" என்றார் நைனா.

நான் காலைப் பார்த்தேன். அது அவர்மேல்தான் இருந்தது. கொஞ்சம் அழுத்தினேன். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

முதுகுத்தண்டு முடிகிற இடத்துக்குக் கீழே நரம்புகள் ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. குதிரையின் வால் என்றுதான் அதற்குப் பெயர். எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வு பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால், உட்காருகிற இடம் மரத்துவிடும். சிறுநீர் போக வராது. விட்டுவைத்தால் அது எப்போதைக்கும் வராமலே போகலாம். மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம். வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பாடம் இப்போது என் காலுக்கடியில் படுத்திருந்தது.

அவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனார் என்று கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அடிவயிற்றில் கை வைத்தேன். தண்ணீர் நிறைந்த பானைபோல் இறுகியிருந்தது. நைனா என் கையைத் தள்ளிவிட்டார். அவர் என்மேல் கோபமாகக் கை வைத்தது அன்றைக்குத்தான்.

"பொட்டப் புள்ளகிட்ட இதப் போயி சொல்லுவாங்களா?"

"நான் டாக்டரு, நைனா."

"ஊருக்கு டாக்டரு. எனக்கு நீ பொண்ணு."

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. முந்தின நாள் காலையிலிருந்து வரவில்லை. வராததால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். குடிக்காவிட்டால் போகவும் வேண்டாமே என்று கணக்கு. தம்பியிடம் சொன்னால் அவன் எனக்குப் போன் செய்துவிடுவான் என்று அவனிடமும் சொல்லவில்லை. செஞ்சிப் பக்கத்து எத்தனையோ பேரின் முதுகை நான் பிரித்துச் சரிசெய்திருக்கிறேன். என் சொந்த அப்பா, மகள் அந்த டாக்டர் என்பதாலேயே வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திட்டிவிட்டேன்.

நர்சிங் ஹோமில் ஆண் நர்ஸ் சிறுநீர் வெளியேற டியூப் போட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவ்வளவு வந்ததாம். அடைத்துக்கொண்டிருந்தபோது வலிக்கவில்லையா என்று கேட்டால், இல்லை என்றாராம். வயிறு அந்த அளவு நிறைந்தும் வலி தெரியவில்லை என்றால் நரம்பு எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களைப் பார்த்து அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. புதுச்சேரிக்குப் போகத் தம்பி வண்டியை எடுத்தான். திண்டிவனம் வரை ரோடு வேலை, லாரி, கல்யாண வேன் என்று எல்லாம் குறுக்கே வந்தன. பின் சீட்டில் நைனாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலைத் தூக்கு, விரலைத் தூக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தூக்கினார். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகத் தூக்குவதுபோல் எனக்குப் பட்டது. "உடம்பெல்லாம் டியூப்ப வெச்சிக்கினு கெடக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் மயிலம் தாண்டும்போது. மறுபடியும் விரலைத் தூக்கச் சொன்னேன்.

ஆபரேஷனை நான் செய்யவில்லை. செய்யக் கூடாது, செய்திருக்கவும் முடியாது. உடன் வேலை செய்பவர் செய்தார், நல்ல கைக்காரர். உள்ளே வந்து நிற்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று வெளியே, நோயாளிகளின் வீட்டார் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவ்வளவு காலமாக அந்த நாற்காலிகளைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உள்ளே ஒவ்வொரு கட்டமும் எனக்கு மனப்பாடம். இப்போது தோலைத் திறந்திருப்பார், இப்போது எலும்பு, இப்போது நரம்பை ஒதுக்குவார். எங்கெல்லாம் தவறு நேரலாம் என்பதும் மனப்பாடம். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, உள்ளே யாரும்மா என்று கேட்டார். அப்பா என்றேன். பயப்படாதே, இங்கே ஒரு பொம்பள டாக்டர் இருக்கிறாங்களாம், கைராசியாம் என்று ஆறுதல் சொன்னார்.

மயக்கம் தெளிந்தபோது கால்மாட்டில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் நைனா தானாகவே இரண்டு பெருவிரல்களையும் தூக்கிக் காட்டினார். வழியெல்லாம் நான் படுத்திய பாடு அப்படி. ஆனால் என் கவலை விரல் இல்லை. டியூப்பை எடுத்த பிறகு அவருக்குத் தானாகப் போகுமா என்பதுதான். சில நாள் கழித்து எடுத்தார்கள். அன்று வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். குழாய்ச் சத்தம் கேட்டால்கூட உற்றுக் கேட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து, "கொஞ்சம் போச்சு" என்று குரல் வந்தது. தம்பி கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான்.

முழுசாக இல்லை, கொஞ்சம். ஸ்கேனில் சிறுநீர் மீதி தங்கியிருந்தது தெரிந்தது. பழகிப் பழகி வரலாம், திரும்ப அடைத்துக்கொள்ளவும் செய்யலாம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: தினமும் காலையில் எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். வெட்கப்படக் கூடாது. அன்றிலிருந்து விடிந்ததும் போன் வரும். சாப்டியா என்று கேட்கமாட்டார், எப்படி இருக்கிற என்று கேட்கமாட்டார். "நல்லாப் போச்சும்மா" என்பார், வைத்துவிடுவார். அது வந்த பிறகுதான் நான் ஆபரேஷனுக்குக் கை கழுவுவேன். தாமதமானால் நர்ஸிடம் எரிந்து விழுவேன்.

தையல் ஆறி, அவர் தடியில்லாமல் தெருமுனைக் கடை வரை போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு. சாப்பிட்டதும் பாயை விரித்தார். இந்த முறை நான் சண்டை போடவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அதற்காகத்தான் வந்திருந்தேன். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க ஊசி, பஞ்சு எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டார். தழும்பில் படாமல் இருக்க, எங்கே வைப்பது என்று பார்த்தபடி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"தெரியுதும்மா" என்றார். "நல்லாத் தெரியுது."

நான் இன்னும் காலை வைக்கவில்லை.

தூக்கிய காலைத் தரையில் வைத்தேன். நான் வருத்தப்படக் கூடாது என்று இப்படிச் சொல்கிறவர், தினமும் காலையில் போனில் சொன்னது என்ன? எத்தனை நாள் நல்லாப் போச்சு என்பதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கத்தியைக் கையில் எடுத்திருக்கிறேன்? அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அன்றைக்குப்போல் அடிவயிற்றில் கையை வைத்தேன். மெதுவாக அழுத்தினேன்.

வயிறு மெத்தென்று இருந்தது. காலியாக இருந்தது. போனில் சொன்னதெல்லாம் நிஜம்.

நான் கையை உடனே எடுக்கவில்லை. நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்த முறை என் கையைத் தள்ளவில்லை.