ரைட்டரய்யாவின் பையில் இருந்த ஏழு பாட்டில்கள்

ஏற்காட்டில் ஒரு மெடிக்கல் கடையில் பத்தொன்பது வருஷமாகப் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக, நான் தப்பு செய்த ஒரு சம்பவத்தை எழுதிவைக்கிறேன்.

1. ஷட்டர் திறந்த நேரம்

அன்றைக்குக் கடை திறக்கும்போதே சரோஜா அக்கா வாசலில் நின்றிருந்தார். நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அவர் கணவர் குழந்தைவேலு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; எல்லாருக்கும் ரைட்டரய்யா. புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அதற்கிடையில் காலில் ரத்தக்கட்டி வந்ததால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் தினமும் உண்டு.

“அம்மிணி, ஊட்டுக்காரருக்கு ஒண்ணுக்குப் போறது ரத்தமாப் போவுது. முந்தாநேத்துல இருந்து. இன்னைக்குப் பல்லு வெளக்குனாரு, ஈறுலயும் ரத்தம் நிக்கல. ஏதாச்சும் மாத்திரை குடுங்க.”

“சேலத்துக்கு போன் பண்ணீங்களாக்கா?”

“வேண்டாங்கறாரு. நோவு பரவிருச்சு, இனி போயி என்னத்துக்குன்னு சொவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு.”

இதற்கு நான் எந்த மாத்திரையும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். எனக்குக் காட்டத்தான் கொண்டுவந்ததாகச் சொல்லி, அக்கா ஒரு துணிப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார்.

ஆஸ்பத்திரி மாத்திரை அட்டைகள் தவிர ஏழு பாட்டில்கள் இருந்தன. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், செலினியம், துத்தநாகம். ஏழாவது, லேபிள் இல்லாத ஒரு பச்சைப் பொடி. யாரோ ஒரு வாட்ஸ்அப் ஆலோசகர் கூரியரில் அனுப்பியதாம்.

“சாப்பாடு என்ன சாப்பிடறாரு?”

“எங்கங்க. பால், முட்டை, கறி எல்லாம் விசம்னு அந்த ஆளு சொன்னான்னு உட்டுட்டாரு. அப்பறம் சோத்தையும் உட்டுட்டாரு. கீரையும் ஆவாதுன்னுட்டாரு. ஒரு மாசமா மாதுளஞ்சாறும் வேவிச்ச தக்காளியுந்தான். நொம்ப எளச்சுட்டாரு.”

மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், வைட்டமின் ஈ எல்லாம் அதிக அளவில் போனால், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவை இன்னும் கூட்டலாம். கீரையை ஒரேயடியாக நிறுத்தினாலும் அந்த மாத்திரையின் வேகம் ஏறும். இவர் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்திருந்தார்.

மீன் எண்ணெய் பாட்டிலைத் திருப்பினேன். எங்கள் கடை ஸ்டிக்கர். வைட்டமின் ஈ பாட்டிலிலும் அதே ஸ்டிக்கர். இரண்டிலும் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

2. போனில்

ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்த நம்பருக்குப் போட்டு, டாக்டரிடம் எல்லாப் பெயரையும் படித்தேன். கேட்டு முடித்ததும் அவர், “இன்னைக்கு வார்ஃபரின் போடக்கூடாது. எல்லாத்தையும் நிறுத்துங்க. உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தலையில ரத்தம் கசிஞ்சா நம்ம கையில இல்ல” என்றார்.

ரைட்டரய்யாவுக்கு அக்காவின் போனிலிருந்தே பேசினேன்.

“அம்மிணி, என்னைய உட்ருங்க. ரத்தம் வந்தா முத்திப்போச்சுன்னு அந்த ஆளோட வாட்ஸ்அப் குரூப்புலயே போட்டிருந்தாங்க. மலையெறக்கி, ஊசி குத்தி, எதுக்கு?”

“ஐயா, இது நோயால வந்ததா, நீங்க சாப்பிடற பாட்டில்களால வந்ததான்னு இப்பத் தெரியாது. ஆனா பாட்டில்களால வந்திருக்கலாம். அதுல ரெண்டு நான் குடுத்தது. நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்காமக் குடுத்துட்டேன். தப்பு எம்மேல இருக்குங்க.”

அவர் எழுந்து உட்காருவது போல அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

“அப்ப இது பரவுனது இல்லீங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. “தெரியாதுங்கய்யா. போனாத்தான் தெரியும்” என்றேன்.

“செரி. வண்டி பிடிக்கச் சொல்லுங்க.”

கடை முதலாளியே ஒரு கார் ஏற்பாடு செய்தார். அக்காவை ஏற்றிக்கொண்டு நாகலூர் போய், ரைட்டரய்யாவை அழைத்துக்கொண்டு மலை இறங்கினார்கள். அன்றைக்கு மூட்டம். கார் கடையைத் தாண்டிப் போனபோது பின்சீட்டில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். அடிவாரம் வந்துவிட்டதாக அக்கா போன் செய்யும்வரை, வந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கொடுத்தேன். ஒருவர், “ஏனுங்க, என்ன இவ்ளோ நேரம்?” என்று கேட்டார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன்.

நாலு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். பரிசோதனையின் எண், இருக்கவேண்டிய அளவைவிட எங்கேயோ ஏறியிருந்தது. வார்ஃபரினின் வேகத்தை முறிக்கும் மருந்தை ஏற்றிவிட்டார்கள். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனிலும் நோய் புதிதாக எங்கும் பரவவில்லை. பழைய நோய் பழைய இடத்தில் இருந்தது. ஊசி தொடர்ந்தது.

3. பெஞ்சில் உட்கார்ந்து

ஒரு மாதம் கழித்து ரைட்டரய்யா கடைக்கு வந்தார். கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரி டயட்டீசியன் களி, சோறு, பருப்பு, மீனு, முட்டை எல்லாம் அளவாத் திங்கச் சொல்லிருச்சு. கீரை தினமும் ஒரே அளவு. ஒரு நா சட்டி நெறைய, மறுநா இல்லைங்கறது கூடாதாம். ஊசியால எலும்பு தேயுமாம், அதுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் அவங்களே ரத்தம் பாத்து எழுதிக் குடுத்தாங்க. நடக்கச் சொல்லிருக்காங்க. ஏனம்மிணி, அவ்ளோதானா?”

“அவ்ளோதானுங்க.”

“நொம்பக் கம்மியா இருக்குது.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஊசி போடறது அவங்க. ஸ்கேன் பாக்கறது அவங்க. நான் சும்மா உக்காந்து பயந்துட்டுக் கெடக்கறேன். அந்த பாட்டிலத் தொறக்கறப்பத்தான் நானும் ஏதோ பண்றேன்னு இருந்துச்சு.”

நடப்பதும் நீங்கள் செய்வதுதான் என்றேன். “பாக்கலாம்” என்று எழுந்து போனார். இன்றைக்கும் ஊசிக்கு முந்தின வாரம் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று அக்கா சொல்கிறார். அந்தப் பயம் போகவில்லை. பாட்டில்கள் போய்விட்டன.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். எங்கள் மலையில் ஆண்கள் புராஸ்டேட் சீட்டை நாலாக மடித்துத்தான் நீட்டுவார்கள். பெண்ணாகிய என்னிடம் அந்தப் பேச்சு எடுக்கக் கூசுவார்கள் என்று, நான் பார்க்காத மாதிரி எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். ரைட்டரய்யா மீன் எண்ணெய் கேட்ட அன்றும் அப்படித்தான் செய்தேன்.

இப்போது வைட்டமின் கேட்டாலும் கவுண்டரை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. பலர் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறார்கள். அத்தனை வருஷமும் கூச்சம் என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது.