விரும்பினால் அனுப்பலாம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற ஒரு கடையில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். போட்டோக் கொப்பி எடுப்பது, பாஸ்போர்ட் அளவுப் படம் பிடிப்பது, சிங்களத்தில் வரும் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது, போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவது எல்லாம் என் வேலை. ஆள் வராத நேரத்தில் அதே கணினியில் எழுதுவேன். தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயம் என்கிற வரிசை வீட்டைப் பற்றி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடக்கும் சண்டைகளைப் பற்றி, மழையில் ஒழுகும் ஒற்றை அறைக் காம்பராவில் சட்டிகளை எங்கெங்கே வைப்போம் என்பதைப் பற்றி. எழுதியதை இணையத்தில் என் பக்கத்தில் போடுவேன்.

படிக்கிற கூட்டம் கொஞ்சம் சேர்ந்ததும், கொழும்பில் இருக்கும் ஒரு நண்பர் சந்தா வைக்கச் சொன்னார். முதல் இரண்டு பத்தி எல்லாருக்கும், மீதி சந்தா கட்டியவர்களுக்கு. நானும் வைத்தேன். என்னைப் படித்தவர்கள் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், கொழும்புக் கடைகளில் மூட்டை இறக்குகிறவர்கள், வெளிநாட்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போனவர்கள். ஒரே மாதத்தில் அத்தனை பேரும் போய்விட்டார்கள். கொழும்பில் ஹாட்வெயார் கடையில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் எழுதினார்: "அக்கா, எங்க வீட்டுக் கதவ எங்களுக்கே பூட்டிட்டீங்களே."

அன்றைக்கே பூட்டை எடுத்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ஒரு வரி மட்டும் போட்டேன்: "எல்லாம் இலவசம். படித்தது பிடித்திருந்து, கையிலும் இருந்தால், விரும்பினால் அனுப்பலாம்." பக்கத்தில் வங்கிக் கணக்கு இலக்கம். அது இல்லாதவர்கள் ரீலோட் போட என் போன் இலக்கம். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "கோயில் வாசல்ல துண்டு விரிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது. பெரும்பாலும் ரீலோட்தான், சின்னச் சின்னதாக. யார் போட்டது என்றுகூடப் பாதி நேரம் தெரியாது.

அப்படி அனுப்பியவர்களில் ஒருத்தி வளைகுடா நாடு ஒன்றில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். மாதம் தவறாமல் அவளிடமிருந்து ரீலோட் வரும். பிறகு வாட்ஸப்பில் குரல் வரும். வீட்டுக்காரர்கள் பகல் சாப்பாடு முடிந்து படுக்கிற நேரத்தில், துணி துவைக்கிற அறையில் நின்று பேசுவாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். எனக்கு அப்போது கடை பூட்டுகிற நேரம். "அக்கா, அந்தத் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைச் சண்டைய ரெண்டு தரம் படிச்சேன். எங்க லயத்துலயும் இப்படித்தான்" என்பாள். நானும் குரலிலேயே பதில் அனுப்புவேன். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவளுடைய படத்துக்குப் பதிலாக மாதா படம்தான் வைத்திருந்தாள். ஊர் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம் என்று மட்டும் தெரியும்.

ஒரு புரட்டாசியில் அவள் கேட்டாள். "அக்கா, எங்க தோட்டத்தப் பத்தி ஒண்ணு எழுதுவீங்களா? பஸ் காசு நான் அனுப்புறேன். எங்க வீட்டுக்குப் போனீங்கன்னா அம்மா டீ ஊத்தித் தருவாங்க. தொண்டையில கட்டின்னு டாக்டர் பேச வேணாம்னுட்டாரு, அதனால ஒண்ணும் பேச மாட்டாங்க. சும்மா பாத்துட்டு வாங்க."

சந்தா கட்டியவளாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். இவள் ஒன்றும் வாங்கியவள் அல்ல, சும்மா கொடுத்தவள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் பஸ் மாறிப் பூண்டுலோயா போய், அங்கிருந்து ஒரு த்ரீவீலரில் மேலே ஏறினேன்.

பள்ளத்து லயத்தில் மூன்றாவது காம்பரா அவர்களுடையது. பக்கத்தில் புது வீடு ஒன்று சுவரோடு நின்றது. கூரைத் தகடுகள் பொலித்தீன் சுற்றிச் சுவரில் சாத்தியிருந்தன. அவளுடைய அப்பா மாதா கோயில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்றான்.

"எந்த நிறுவனம் புள்ள?" என்று கேட்டார்.

நிறுவனம் இல்லை என்று சொல்லி, மகளின் பேரைச் சொன்னேன். அவள் படிக்கிற பக்கத்தில் எழுதுகிறவள் என்றேன். பிறகு, "அம்மா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

உள்ளே அடுப்படியில் நின்றிருந்த அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"வாங்க" என்று எழுந்து நடந்தார்.

லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் போனோம். சரிவில் பத்துப் பதினைந்து குழிகள் இருந்தன. ஒன்றில் மண் இன்னும் இறுகவில்லை. கறுப்புப் பெயின்ற்றில் பேர் எழுதிய மரச் சிலுவை. ஜாம் போத்தலில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்தி.

"ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். "ரத்தத்துல சீனி வருத்தம். மலையில கவ்வாத்து வெட்டுன தேயிலக் குச்சி குத்திக் கால் கிழிஞ்சிருச்சு. சொல்லாம ஒரு கிழம முழுக்க மலைக்குப் போயிருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப கால் கறுத்திருச்சு."

"மகளுக்கு..."

"சொல்லல. தொண்டையில கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம்."

அவர் குனிந்து போத்தலில் நின்ற மழைத் தண்ணீரைக் கொட்டினார்.

"அவளுக்கு இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கு புள்ள. இடையில விட மாட்டாங்க. பாஸ்போட் அவங்க கையில. அங்க அழுறதுக்கு எடமில்ல. அழுதா வேல ஓடாது, வேல ஓடாட்டி அடிப்பாங்க. வந்து இங்க அழட்டும்னு நெனச்சேன். நீங்க சொல்லிராதீங்க."

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றான். "அவ அனுப்புறத வச்சுத்தான் கூரை போடணும், அக்கா" என்றான். அப்பா அவனை முறைத்தார். "அதுக்காக இல்ல புள்ள" என்றார் என்னிடம். இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. அண்ணி தேநீர் கொண்டு வந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் எழுதாமல் இழுத்தடித்தேன். அவள் தினமும் கேட்டாள். கடைசியில் எழுதினேன். மேலே ஏறுகிற பாதை, பனி விலகும்போது கீழே தெரியும் பூண்டுலோயா, லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிகள், கோயில் மணி. குழியைப் பற்றி எழுதவில்லை. அம்மாவைப் பற்றியும் எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு வரி எழுதினேன்: "அந்த வீட்டில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்." யார் என்று சொல்லவில்லை. நம் மொழியில் சொல்லாமல் விடலாம். ஒரு அம்மா கொடுத்தாலும் கொடுத்தார்கள்தான், வீட்டிலுள்ள யார் கொடுத்தாலும் கொடுத்தார்கள்தான். தெரிந்தேதான் அப்படி எழுதினேன். அவள் அந்த வரியை எப்படிப் படிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

கட்டுரை போட்ட அன்று சாயந்தரம் குரல் வந்தது. மெஷின் சத்தம் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, அம்மாவா டீ ஊத்திக் குடுத்தாங்க? சீனி கொறைச்சலாப் போட்டிருப்பாங்களே. அவங்க கைக்கு அப்படித்தான் வரும். எப்படி இருக்காங்க? மெலிஞ்சிட்டாங்களா? உண்மையச் சொல்லுங்க. அதுக்காகத்தான் உங்களப் போகச் சொன்னேன். வீட்டுல கேட்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

தோட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னது ஒரு சாக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவள் ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறாள். உறவில்லாத, வீட்டுச் செலவில் பங்கில்லாத ஒரு ஆளை.

கடையில் இரண்டு பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த அப்பா சொன்னதெல்லாம் காதில் இருந்தது. பேச முடியாது என்று தோன்றியதால் எழுத்தில் அனுப்பினேன். "ஆமா. நல்லா இருக்காங்க. கொஞ்சம் மெலிவுதான்."

"தேங்ஸ் அக்கா" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ரீலோட்டும் வந்தது, வழக்கத்தைவிடப் பெரியது. அந்தக் கட்டுரைக்கு மற்றவர்களும் நிறைய அனுப்பினார்கள். கனடாவிலிருந்து ஒருவர், தன் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தார் என்று எழுதி, கணக்கில் ஒரு தொகை போட்டார். நான் திருப்பி அனுப்பவில்லை. அந்த மாதம் மகனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கினோம்.

கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் கல்லறைத் திருநாள் வந்தது. இந்துவாகப் பிறந்த எனக்கு அது நினைவில் இல்லை. அன்றைக்குக் கத்தோலிக்கர்கள் குடும்பத்தோடு போய்க் குழிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பங்குக் கோயிலைச் சேர்ந்த யாரோ அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். ஒரு படத்தில் அவளுடைய அப்பாவும் அண்ணனும் முழங்காலில் இருந்தார்கள். சிலுவையில் பேர் தெளிவாகத் தெரிந்தது.

அவளிடமிருந்து அந்தப் படமும் அதன் கீழே ஒரு வரியும்தான் வந்தன.

"அக்கா, டீ ஊத்திக் குடுத்தது யாரு?"

"உங்க அண்ணி" என்று எழுதினேன். பிறகு நீளமாக எழுதினேன். அப்பா கேட்டுக்கொண்டது, குழியைப் பார்த்தது, நான் பயந்தது, எல்லாம். அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாளும் எழுதினேன். அது படிக்கப்படவே இல்லை. கட்டுரையை எடுத்துவிட்டேன். கனடாக்காரர் அது எங்கே போனது என்று கேட்டார். அவருக்கும் நான் பதில் எழுதவில்லை.

அடுத்த வருஷம் ஆடி மழையில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றாள். அவள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெலிந்த முகம், முன்பக்கம் கொஞ்சம் நரை. விரல்கள் தரை கழுவும் மருந்துத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தன. பூண்டுலோயாவிலும் தலவாக்கலையிலும் இல்லாத ஸ்டூடியோவா என்று நான் கேட்கவில்லை.

ஸ்டூலில் உட்காரவைத்தேன். "காது தெரியணும், முடியப் பின்னால தள்ளுங்க" என்றேன். என் குரலை அவள் கேட்டாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே?"

"ஆமா தங்கச்சி."

"மொதல்ல எடுங்க."

எடுத்தேன். முதல் படம் சரியாக வரவில்லை. இரண்டாவது எடுத்தேன். பிரிண்டரில் போட்டேன். படத்தை வெட்டிக்கொண்டு நின்றபோது நான்தான் ஆரம்பித்தேன்.

"அப்பா சொன்னாரு, அங்க அழுறதுக்கு எடமில்லன்னு..."

"எடம் இருந்துச்சு" என்றாள். "குளியலறை இருக்கு. படம் பாத்த அன்னைக்கு விருந்து. முப்பது பேருக்குச் சமைச்சேன். நடுவுல போய் அழுதுட்டு வந்து சமைச்சேன். யாரும் அடிக்கல. அப்பா நெனச்ச மாதிரி ஒண்ணும் ஆகல. எட்டாம் மாசம் செத்தவங்களுக்கு பதினோராம் மாசம் அழுதேன், அவ்வளவுதான்."

"நான் செஞ்சது பெரிய தப்பு."

"தொண்டைக்குன்னு மருந்து வாங்கி அனுப்பியிருக்கேன், அக்கா. தேனு, மாத்திரை, கழுத்துக்குக் கட்ட ஒரு கம்பளித் துணி. அண்ணி எல்லாத்தையும் அப்படியே பெட்டியில வச்சிருந்தா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பாவ மன்னிச்சிட்டேன். அண்ணனையும். அவங்க நம்ம ஆளுங்க, பயந்து செஞ்சாங்க. உங்கள என்னன்னு மன்னிக்கிறது? நீங்க எனக்கு உறவு இல்ல. நான் உங்களுக்குக் காசு போட்டது நீங்க உள்ளத உள்ளபடி எழுதுறீங்கன்னுதான். வேற எதுக்கும் இல்ல."

படத்துக்குக் காசு வேண்டாம் என்றேன். அவள் விலைப்பட்டியலைப் பார்த்து, சரியான தொகையைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டாயிற்று, அப்பாதான் இன்னும் பழைய காம்பராவிலேயே படுக்கிறார் என்றாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.

அந்த மாதம் நடந்ததை எழுதிப் பார்த்தேன். இரண்டு பத்திக்கு மேல் போகவில்லை. எழுதினால் காசு வரும் என்பது தெரிந்ததால், அதைப் போடவும் மனம் வரவில்லை. நாலைந்து மாதம் ஒன்றுமே எழுதாமல் இருந்தேன். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் யாராவது ரீலோட் போட்டால் உடனே நன்றி சொல்ல வருவதில்லை. யார், எங்கிருந்து, எதை நம்பி அனுப்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

அவள் மறுபடி வெளிநாடு போய்விட்டாள் என்று பூண்டுலோயாவிலிருந்து படிவம் நிரப்ப வந்த ஒருவர் சொன்னார். எந்த நாடு என்று அவருக்கும் தெரியவில்லை.